அச்சகத்தில் அடம்பிடித்த குழந்தை

அத்தியாயம் 7

"குழந்தையைப் பிடி பைப்பு. குழந்தை கிடைச்சா கேஸ் முடிஞ்சுது" என்றாள் அண்ணி.

"காலையிலேயே முடிஞ்ச கேஸை எத்தனை தடவை அண்ணி முடிப்பீங்க?" என்றான் பைப்பு.

அண்ணி வேகமாக நடந்தாள். பைப்பு லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினான். துப்பறியும் நிபுணர் முன்னால் நடக்க, உதவியாளர் பின்னால் ஓடுவது உலக வழக்கம். ஆனால் நிபுணர் சொந்த அண்ணன் பெண்டாட்டியாகவும் இருந்துவிட்டால் உதவியாளருக்கு வேலை நேரத்திலும் திட்டு விழும், வீட்டுக்குப் போனாலும் திட்டு விழும். பைப்புக்கு இரண்டும் பழகிப்போயிருந்தது.

பைப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்ததை அவர்களே மறந்துவிட்டார்கள். வேலை கிடைத்த புதிதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்க, "ஒலிக்கும் படத்துக்கும் பைப் லைன் கட்டுறேன்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அம்மாள் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் அனுப்பினாள். போய் அதைச் சரிசெய்ததுதான் அவன் செய்த பெரிய பிழை. பெயர் நிலைத்துவிட்டது.

உண்மையில் அவன் வேலை வேறு. ஒரு முனையில் ஒலியையோ படத்தையோ உள்ளே விட வேண்டும். நடுவில் ஒரு படி அதைப் பிரிக்கும், ஒரு படி சுத்தம் செய்யும், ஒரு படி திரும்பக் கட்டும். மறுமுனையில் காதால் கேட்கிற மாதிரி, கண்ணால் பார்க்கிற மாதிரி வந்து விழும். இந்தப் படிகளைத் தனித்தனியாகக் கோக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. என்னென்ன படி வேண்டும் என்று ஒரே வரியாக எழுதி நிரலுக்குள் வைத்தால் போதும், கணினி அந்த வரியைப் படித்துத் தானே எல்லாக் குழாயையும் மாட்டிவிடும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. அந்த வரியை முதன்முதலில் பார்த்த அண்ணி, "அது உனக்கு என்னடா பாவம் பண்ணிச்சு? ஏன் இப்படி அதட்டுற?" என்று கேட்டாள்.

அப்படி அதட்டி வாங்கிய ஒலியால்தான் இன்று காலை ஒரு பெரிய மனிதர் அவன் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்று சொல்லியிருந்தார். பைப்பை அப்படிச் சொல்ல வாழ்க்கையில் இதற்கு முன்னால் யாருக்கும் தோன்றியதில்லை. அதை அண்ணி கெடுத்துவிடுவாளோ என்பதுதான் இப்போது அவன் கவலை.

அந்தப் பெரிய மனிதர் ஓர் அச்சகத்தின் முதலாளி. பரீட்சை வினாத்தாள் அச்சடிக்கும் அச்சகம். அங்கே வினாத்தாள் அறை என்று ஓர் அறை உண்டு. அதன் சாவி மூன்றே பேரிடம் இருந்தது. முதலாளி, அவருடைய மருமகனான மேனேஜர், பிழை திருத்தும் பெண். அச்சகத்தில் எல்லாரும் அந்தப் பெண்ணைப் புரூஃப் அக்கா என்பார்கள். போன வாரம் யாரோ அந்த அறையிலிருந்தே தொலைபேசியில் வினாக்களை வெளியே வாசித்துக் காட்டிவிட்டார்கள். பரீட்சை நின்றுபோனது. முதலாளி அண்ணியை வேலைக்கு அமர்த்தினார். அண்ணி பைப்பை அமர்த்தினாள்.

அச்சகத்துத் தொலைபேசிப் பெட்டி எல்லாப் பேச்சையும் தனக்குள் சேர்த்துவைத்திருந்தது. ஆனால் எந்தக் கருவியிலும் திறக்காத வெறும் கச்சா ஒலியாக. பைப்பு ஒரு வரி எழுதினான். பெட்டி வாய் திறந்தது. ஒரு பெண் குரல் கடகடவென்று வினாக்களை வாசித்தது. பின்னணியில் ஒரு குழந்தை அடம்பிடித்துக் கத்தியது.

"என் பேனா! என் பேனாவ யாரு எடுத்தது? எனக்கு இப்பவே வேணும்! இல்லாட்டி நான் யாரு கூடவும் பேச மாட்டேன்!"

சாவி வைத்திருக்கும் ஒரே பெண் புரூஃப் அக்கா. அன்று பள்ளி விடுமுறை என்று அவள் தன் மகளை அச்சகத்துக்குக் கூட்டிவந்திருந்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? முதலாளி இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் கூட்டி, பைப்பையே பேசச் சொன்னார். பைப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அறிவியல் பூர்வமாகப் பார்த்தால்" என்று ஆரம்பித்துப் புரூஃப் அக்காவின் பக்கம் கையை நீட்டினான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் தேர்வுத் துறை அதிகாரிகள் வந்ததும் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதற்கப்புறம் போலீஸ், கோர்ட்டு, அவளை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

"பொம்பளைக் குரல்ல யார் வேணா நடிக்கலாம் பைப்பு" என்றாள் அண்ணி, ஒரு தையற்கடைக்கு மேலே போகும் மாடிப்படியில் ஏறிக்கொண்டே. "அடம்பிடிக்கிற குழந்தை நடிக்காது. அந்தப் பொண்ணைப் பேசவெச்சு நான் ஒரு தடவை கேக்கணும். கேட்டுட்டா எனக்குத் தூக்கம் வரும்."

"எனக்கு ஏற்கெனவே வருது அண்ணி."

"உனக்கு எப்போ வரல?"

கதவைத் திறந்த புரூஃப் அக்கா இருவரையும் பார்த்தாள். பைப்பு அசட்டுச் சிரிப்பு ஒன்றை எடுத்து நீட்டினான். அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"சாயங்காலம்தானே வரச் சொன்னாங்க? ஓடிப்போயிட்டேனான்னு பாக்க வந்தீங்களா?"

"உங்க பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்மா" என்றாள் அண்ணி. "நீங்க வேணாம்னா நாங்க இப்பவே கிளம்பிடறோம்."

புரூஃப் அக்கா வாசலை விட்டு விலகினாள். பிறகு, "பேசிக்கோங்க. நான் புடவை மாத்தணும். ஜெயிலுக்குப் போறப்போ கசங்கினதைக் கட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் தரையில் குப்புறப் படுத்து, அச்சகத்துக் கழிவுக் காகிதத்தின் பின்பக்கம் ஒரு கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். ஏழெட்டு வயது இருக்கும். பைப்பு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன், அதையே நீ சொல்லணும், சரியா? கோவமா சொல்லணும்." குழந்தைக்குப் புரியட்டும் என்று அவனே நடித்துக் காட்டினான். கையைக் காலை உதறி, "என் பேனா! என் பேனாவ யாரு எடுத்தது? எனக்கு இப்பவே வேணும்!" என்று தரையைக் குத்தினான்.

சிறுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பென்சிலை அவனிடம் நீட்டி, "இந்தாங்க அங்கிள், அழாதீங்க" என்றாள்.

அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஆனால் பைப்பின் காதில் விழுந்தது வேறு. "அழாதீங்க" என்ற சொல் அந்த வாயிலிருந்து பாதி காற்றாகத்தான் வந்தது. சிறுமி சிரித்தபோது காரணம் தெரிந்தது. மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டையும் காணோம். கீழே ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பல்லு எப்போடா கண்ணு விழுந்துச்சு?" என்று அண்ணி கேட்டாள்.

"ஸ்கூல்ல லீவு விடறதுக்கு முன்னாடியே. விளையாடுறப்போ" என்று ஊதிக்கொண்டே சொன்னாள் சிறுமி. "அம்மா சொன்னாங்க, புதுசு வரும்னு. இன்னும் வரல."

அண்ணி பைப்பைப் பார்த்தாள். பைப்பு கப்பலைப் பார்த்தான். பதிவில் கத்திய குழந்தையின் பேச்சு பளிங்கு மாதிரி இருந்தது. ஓர் எழுத்தில்கூடக் காற்றுப் போகவில்லை. அடம்பிடிப்பதற்காக யாரும் விழுந்த பல்லைத் திரும்ப மாட்டிக்கொள்வதில்லை.

"இவ இல்ல" என்றாள் அண்ணி மெதுவாக.

"இவ இல்லாட்டி வேற ஒரு குழந்தை. ஆனா குரல் குரல்தானே அண்ணி? பொம்பளை பொம்பளைதானே?" என்றான் பைப்பு. தன் குரலே தனக்குச் சப்பென்று கேட்டது அவனுக்கு.

"வேற குழந்தைன்னா அது யாரோட குழந்தை? அது கிடைக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே. காலைல நீ திறந்ததே போதும்."

நால்வரும் ஒரே பேருந்தில் அச்சகத்துக்குப் போனார்கள். குற்றம் சாட்டியவன், சாட்டப்பட்டவள் பக்கத்தில் உட்காருவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. காலி இருக்கைகள் இருந்தும் பைப்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். சிறுமி ஜன்னல் வழியாகப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அம்மா எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினாள். ஒரு தடவை அவள் மகளின் பின்னலை அவிழ்த்து, மறுபடி இறுக்கிப் பின்னியதைப் பைப்பு பார்த்துவிட்டான். அதற்கப்புறம் அவன் தன் செருப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

வாசல் காவலாளியிடம் அண்ணி கேட்டாள். "அன்னிக்கு இந்தப் பாப்பாவைத் தவிர வேற குழந்தை யாராவது உள்ள வந்தாங்களா?"

"குழந்தையா? இங்க பெரியவங்களையே மூணு தடவை விசாரிச்சுட்டுத்தான் விடுவேன். குழந்தை எங்க வரும்?"

"ஆனா ஒரு குழந்தை கத்தியிருக்கே."

காவலாளி கொஞ்சம் பின்வாங்கினார். "சும்மா இருங்கம்மா. ராத்திரி நான் தனியாத்தான் இங்க படுக்கணும்."

"பாத்தீங்களா அண்ணி, பேயையும் கேஸ்ல சேத்துட்டோம்" என்றான் பைப்பு. அண்ணி சிரிக்கவில்லை.

மேனேஜர் எதிரே வந்தார். முதலாளியின் மருமகன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சாது. பேச்சும் அப்படித்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். "வாங்க... மேடம்... உக்காருங்க... அதிகாரிங்க... வர்ற... நேரம்தான்" என்றார். சிறுமிக்குத் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். காலையில் அந்தப் பதிவைக் கேட்டதும் இவர் விட்ட நீளமான பெருமூச்சு பைப்புக்கு நினைவிருந்தது. கூட வேலை செய்தவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று மனுஷன் எப்படி நொந்துபோனார் என்று அவனே அண்ணியிடம் உருகியிருந்தான்.

முதலாளியின் அறைக்கும் வினாத்தாள் அறைக்கும் நடுவில் மரப்பலகைத் தடுப்புதான். அந்த இரண்டு அறைக்கும் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். அதிகாரிகள் இருவர் வந்து சேர்ந்தார்கள். புரூஃப் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அண்ணி பைப்பின் காதில், "ஏதாவது பண்ணு. நேரத்தைக் கடத்து" என்றாள். பைப்பு என்ன பண்ணுவது என்று யோசிப்பதற்குள் முதலாளியின் அறையில் மேசை இழுப்பறைகள் படபடவென்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. அடுத்து, அச்சகமே அதிரும்படி ஒரு குரல்.

"என் கண்ணாடி! என் கண்ணாடிய யாரு எடுத்தது? எனக்கு இப்பவே வேணும்! இல்லாட்டி நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்!"

எந்தத் தொழிலாளியும் தலையைக்கூடத் திருப்பவில்லை. அது அங்கே தினப்படி நடப்பது போலிருக்கிறது.

அண்ணி மட்டும் தலையைத் திருப்பினாள். நேராகப் பைப்பைப் பார்த்து. குழந்தை கிடைத்துவிட்டது. வயது அறுபத்தைந்து. கட்டைக் குரல், தொந்தி, வழுக்கை.

"பைப்பு" என்றாள் அண்ணி, உதடு அசையாமல். "அந்த வரியை எனக்குக் காட்டு."

லேப்டாப்பைத் திறக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கச்சா ஒலி என்பது பொடிப்பொடியாக நறுக்கிய துண்டுகள். ஒரு நொடிக்கு எத்தனை துண்டு என்று அதற்குள் எங்கேயும் குறித்திருக்காது. வரியை எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் கணினி நம்பும். பைப்பு சொன்னதை அப்படியே நம்புகிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான், அதையும் அவன் ஏமாற்றியிருந்தான்.

"என்னடா இது, பதினோராயிரத்துச் சொச்சம்?"

"போன மாசம் பல் டாக்டரோட பழைய ரெக்கார்டருக்கு எழுதின வரி அண்ணி. நல்லா வேலை செஞ்சுதேன்னு அப்படியே எடுத்து ஒட்டிட்டேன். கோப்போட பேரை மட்டும் மாத்தினேன்."

"அந்த டெலிபோன் பொட்டிக்கு?"

"எட்டாயிரம். டெலிபோன்னா பெரும்பாலும் எட்டாயிரம்தான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்போ?"

"அப்போ ஒரு நொடியில எட்டாயிரம் துண்டுக்குப் பதிலா பதினோராயிரம் ஓடி, எல்லாருமே நிஜத்தைவிட வேகமா, கீச்சுன்னு பேசியிருக்காங்க. ஆம்பளை பொம்பளையாயிட்டான். கிழவன் குழந்தையாயிட்டாரு."

"உன் அண்ணன்தான் உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னான்" என்றாள் அண்ணி. "வீட்ல சும்மாத்தானே இருக்கான், கூட வெச்சுக்கோன்னான். அப்பவே நான் யோசிச்சிருக்கணும்." பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். "உன்னைச் சொல்லி என்ன? பொம்பளைக் குரல்னு நீ சொன்னே, நானும் ஆமான்னு தலையாட்டினேன். கார்டுல பெருசா 'உண்மை எங்கள் தொழில்'னு அச்சடிச்சு வெச்சிருக்கேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இப்போது ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பப் போகிறது. வரியில் எண்ணை மாற்ற ஒரு விநாடிதான். சத்தம் போடாமல் மாற்றிவிட்டு, "மேலும் ஆராய்ந்ததில்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பைப்பு அதையும் யோசித்தான், பொய் சொல்வானேன். ஆனால் எதிரே அந்தப் பெண் கசங்காத புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் எழுந்தான். "ஒரு நிமிஷம் சார். காலைல நான் போட்ட பதிவு தப்பு. வேகம் தப்பா வெச்சுட்டேன். சரியா மறுபடி போடறேன்."

முதலாளி கண்ணாடியில்லாமல் தடவிக்கொண்டே வெளியே வந்தார். பைப்பு எண்ணை மாற்றி ஓட்டினான்.

முதலில் பின்னணி கேட்டது. "என் பேனா! என் பேனாவ யாரு எடுத்தது? எனக்கு இப்பவே வேணும்!" கட்டைக் குரல், இடி மாதிரி. பைண்டிங் பக்கம் நின்ற ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு காகிதக் கட்டுக்குப் பின்னால் குனிந்தார். இன்னொருவருக்கு இருமல் வந்தது.

"எவன்டா இவன், குழந்தை மாதிரி கத்துறான்?" என்றார் முதலாளி.

அதற்குள் வினாக்களை வாசிக்கும் குரல் வந்துவிட்டது. நிதானமாக. ஒவ்வொரு சொல்லாக. "மூன்றாவது... வினா... எழுதிக்கிட்டீங்களா... அடுத்தது... நான்காவது..."

மேனேஜர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தார். முகம் மாறவில்லை. நிதானம்தான் அவர் சொத்து.

"காலைல... பொம்பளை" என்றார். "இப்ப... ஆம்பளை. இவரு... நம்பரை மாத்த மாத்த... ஆள் மாறுது. இன்னும் கொஞ்சம்... மாத்தினா... யானை வரும். இதை வெச்சு... யாரை வேணா... மாட்டிவிடலாம் சார்."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான அதிகாரி தலையாட்டினார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. தம்பி, எந்த நம்பர் சரின்னு எப்படிச் சொல்றீங்க? காலைலயும் இதே மாதிரிதானே அடிச்சுச் சொன்னீங்களாம்?"

டெலிபோனுக்கு எட்டாயிரம் என்று பைப்பு சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பும்படியாக எதையும் அவன் காலையிலிருந்து மிச்சம் வைக்கவில்லை.

அண்ணி எழுந்தாள். "இவன் சொல்றதை நீங்க நம்பவே வேணாம் சார். நானே நம்பறதில்லை. ஆனா அந்தப் பதிவுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வேகம்தான். ஒருத்தர் குரல் சரியா இருக்கிற வேகத்துல இன்னொருத்தர் குரலும் சரியாத்தான் இருக்கும். அதனால ஒரே ஒரு கேள்விதான்." அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "ஐயா, அந்தப் பேனாவுக்குக் கத்தினது நீங்கதானே? இப்ப கேட்டது உங்க குரல்தானே?"



அப்போதுதான் முதலாளிக்கு எல்லாம் விளங்கியது. அவர் உட்கார இடம் தேடினார். ஆமாம் என்றால் அத்தனை தொழிலாளிகள் முன்னாலும் அந்தக் குழந்தை அவர்தான். அது போகட்டும், பரவாயில்லை. ஆமாம் என்றால் வினாக்களை விற்றவன் மகளின் புருஷன். இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் இவன் கம்ப்யூட்டர் செய்த கூத்து என்று முடிந்துவிடும்.

"மாமா" என்றார் மேனேஜர். முதன்முறையாகக் கொஞ்சம் வேகமாக. "வீட்ல அவளை நினைச்சுப் பாருங்க மாமா."

முதலாளி மருமகனைப் பார்த்தார். பிறகு புரூஃப் அக்காவைப் பார்த்தார். அவள் அவரிடம் கெஞ்சவில்லை. மகளைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"என் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார் முதலாளி. அந்த மனிதருக்கு இவ்வளவு சின்னக் குரலும் உண்டு என்று அங்கே யாருக்கும் தெரியாது. "என் குரல்தான். அன்னிக்குப் பேனாவைக் காணோம்னு நான்தான் கத்தினேன். அந்தப் பக்கம் பேசறது இவர்தான். இவர் பேச்சு எனக்குத் தெரியாதா? தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறோம்."

மேனேஜர் மறுபடி நிதானத்துக்குத் திரும்பவில்லை. அதிகாரிகள் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனபோது அவர் கடகடவென்று பேசிக்கொண்டே போனார். கிட்டத்தட்ட காலையில் கேட்ட வேகம்.

பைப்பு மெல்ல நழுவப் பார்த்தான். புரூஃப் அக்கா எதிரே வந்து நின்றாள்.

"காலைல எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கேயே நின்னு இதையும் சொல்லுங்க."

"கட்டாயம்க்கா. அதிகாரிங்க அறிக்கை குடுத்ததும்..."

"இப்ப."

முதலாளியே போய் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். அத்தனை பேரும் கூடினார்கள். பைப்பு நடுவில் நின்றான். இந்த முறை தொண்டையைச் செருமத் தோன்றவில்லை.

"காலைல... எங்களோட கணக்குல ஒரு சின்னத் தவறு நடந்துடுச்சு..."

"நிறுத்துங்க" என்றாள் புரூஃப் அக்கா. பக்கத்து மேசையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்திருந்தாள். அவளுக்கே தெரியாமல் எடுத்திருப்பாள் போலிருக்கிறது. "சின்னன்றதை எடுத்துடுங்க."

"காலைல எங்களோட கணக்குல ஒரு தவறு நடந்துடுச்சு."

"எங்களோட இல்ல. அந்த அம்மா உங்களைச் சந்தேகப்பட்டு என் வீடு வரைக்கும் வந்தாங்க."

பைப்பு அண்ணியைப் பார்த்தான். அண்ணி உதவிக்கு வரவில்லை.

"காலைல என் கணக்குல ஒரு தவறு நடந்துடுச்சு."

"தானா நடந்துச்சா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எழுதியதைச் சரிபார்க்காமல் ஒட்டுகிறவனுக்கு ஒரு விநாடி வேலை, அதன் மறுமுனையில் ஒருத்தி புடவை மாற்றிக்கொண்டு மகளோடு கிளம்புகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

"தப்பு செஞ்சது நான்" என்றான். "பழைய வரியை எடுத்து, பாக்காம ஒட்டினேன். அதை நம்பி உங்க எல்லார் முன்னாடியும் இவங்களைக் கை காட்டினேன். இவங்க எதுவும் செய்யல. என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்" என்றாள் அவள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "இப்ப பிழை இல்ல."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதுப் பிள்ளையைத் தூக்கினால் கனக்கும். வாசல் தாண்டும் வரை நேராக நடந்தவள், தெருவுக்குப் போனதும் மதில்மேல் சாய்ந்து மகளின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு அழுதாள்.